இடது கைக்கு வேலை கிடைத்த கதை

"வாயைத் திற" என்று கெஞ்சுவதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் உலகத்தில் இரண்டு கூட்டம்: பிள்ளைக்குச் சோறு தீத்துகிற தாய்மார், பல் வைத்தியருக்குப் பக்கத்தில் இருக்கிற உதவியாளர்கள்.

நான் இரண்டிலும் இருக்கிறேன். வீட்டில் என் மகள் செலின் பல்லை இறுக்கிக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டுவாள். வேலையில் பலெர்மோ நகரத்து மீன்காரரும், வழக்குப் பேசுகிற அப்புக்காத்துமாரும் அதையேதான் செய்வார்கள். உங்களில் யாராவது இதில் ஒன்றையாவது செய்திருந்தால் என் பாடு விளங்கும். இரண்டையும் செய்கிறவர்கள் இருந்தால் எழுந்து வந்து பக்கத்தில் இருங்கள்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பயந்தவள். லிஃப்ட் என்றால் பயம், குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் விசாக் கடதாசிக்கு வரிசையில் நிற்கப் பயம், தெரியாத நம்பரில் இருந்து போன் வந்தால் பயம், செலின் இருமினால் பெரிய பயம். இப்போது அவள் நித்திரை. கணவர் ரூபன் மொண்டெல்லோவில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் வேலை, வர நேரமாகும். தனிய இருக்கப் பயமாக இருப்பதால் எழுதுகிறேன். இத்தாலிக்காரர் கதைக்கிறதும் என் காதுக்குள் வந்து விழும்போது எங்கள் ஊர்த் தமிழாகத்தான் விழும். அப்படியே எழுதுகிறேன், குறை நினைக்காதீர்கள்.

தைரியம் வந்த வழி

பெண் டொக்டரை இங்கே டொத்தொரெஸ்ஸா என்பார்கள். எங்கள் டொத்தொரெஸ்ஸாவுக்கு நாற்பது வயது மட்டில் இருக்கும். வேகமான கை, அதைவிட வேகமான வாய். அவருடைய கிளினிக் பொலித்தியாமாப் பக்கம் ஒரு பழைய கட்டடத்தில் இரண்டாம் மாடி. அந்தக் கட்டடத்துக்கு நான் முதலில் போனது படி கழுவ. அந்த வேலையை எனக்குத் தந்தது போர்கோ வெக்கியோவில் எங்கள் கீழ்வீட்டில் இருக்கிற திரேசா அக்கா. முழங்கால் ஏலாமல் போன பிறகு அவ வாளியையும் தும்புத்தடியையும் என்னிடம் தந்துவிட்டு, இங்கே இருக்கிற எங்கள் தமிழ் ஆக்களின் பிள்ளைகளைப் பார்க்கத் தொடங்கினா. செலினைப் பார்ப்பதும் அவதான்.

ஒரு நாள் கிளினிக்கின் உள்நடையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறேன். உதவிக்கு இருந்த பெட்டை கலியாணம் முடித்து வடக்கே போன கிழமை அது. உள்ளே கதிரையில் சால்வோ என்ற மீன்காரர். சந்தையில் வாள்மீனைத் தோளில் போட்டுக்கொண்டு போகிற ஆள். ஊசியைக் கண்டதும் கழுத்தில் கட்டிய துணியோடு எழும்பி ஓடி வந்து வாசலில் என்னோடு முட்டிவிட்டார். நான் தும்புத்தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடுங்குகிறேன், அவரும் நடுங்குகிறார். "அனிதா, அந்த ஆளின்ரை கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வா!" என்று உள்ளே இருந்து டொத்தொரெஸ்ஸா கத்தினார். பிடித்தேன். பல் வெளியே வரும்வரைக்கும் விடவில்லை. என் கை அவருடைய கையை விடக் கூடுதலாக ஆடியது.

எல்லாம் முடிந்து பஞ்சைக் கடித்துக்கொண்டு சால்வோ சொன்னார்: "இவளை இஞ்சையே நிப்பாட்டுங்கோ, டொத்தொரெஸ்ஸா. என்னைவிட இவள் கூடப் பயப்பிடுறாள். பாக்கப் பாக்க எனக்குத் தைரியம் வருது!"

ஆமென்

சால்வோவின் சிபாரிசில் எனக்கு உத்தியோக உயர்வு. ஆனால் இந்த நாட்டில் பல் வைத்தியருக்குப் பக்கத்தில் இருக்கவும் ஒரு படிப்பு முடிக்க வேண்டும். டொத்தொரெஸ்ஸாதான் பதிந்துவிட்டார். இத்தாலியப் புத்தகத்தைத் திறந்தால் எழுத்து எல்லாம் எறும்பாக ஓடியது. கடைசியில் ஊரில் கொன்வென்ற் பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் படிப்பித்த வழிதான் கைகொடுத்தது: விளங்குதோ இல்லையோ, முதலில் பாடமாக்கு, கர்த்தர் பிறகு விளங்கப்படுத்துவார். முப்பத்திரண்டு பல்லையும் செபமாலை மணி மாதிரி உருட்டினேன். மேல் வலது கடைவாயில் தொடங்கி ஒரு சுற்று. செலினைத் தோளில் போட்டு நித்திரையாக்கும்போதும் அதுதான் தாலாட்டு.

வாய்மொழிப் பரீட்சைக்கு மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த நரைத்த தாடிக்காரர், "பற்களைப் பற்றிச் சொல்லும், சிஞ்ஞோரா" என்றார். நான் கதிரையை விட்டு எழும்பினேன். கையைப் பின்னால் கட்டினேன். கண்ணை மூடினேன். பிறகு, எங்கள் கோயிலில் பிரார்த்தனை மாலை சொல்கிற அதே இராகத்தில், மூச்சு விடுகிற இடமும் மாறாமல், கடைசிக் கடைவாய்ப்பல் வரைக்கும் சொல்லி முடித்தேன். கண்ணைத் திறந்தால் மூன்று பேரும் பேனையைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு இருக்கிறார்கள்.

தாடிக்காரர்தான் முதலில் நிமிர்ந்தார். "ஆமென்" என்றார்.

பரிசளிப்பு விழா

படிப்பு முடிந்தது, கஷ்டம் தொடங்கியது.

எங்கள் வேலையில் இருக்கை முறை ஒன்று உண்டு. நோயாளி நடுவில் படுத்திருப்பார். டொத்தொரெஸ்ஸா அவருக்கு வலப்பக்கம், நான் இடப்பக்கம். என் வலது கையில் எச்சில் உறிஞ்சுகிற குழாய்; அது வாயை விட்டு வெளியே வரக்கூடாது. டொத்தொரெஸ்ஸா திரும்பிப் பாராமல் கையை நீட்டுவார். கருவியை நான் இடது கையால் வைக்க வேண்டும்.

இடது கையால்! என்னை விட வயதில் மூத்த, படித்த, எனக்குச் சம்பளம் தருகிற மனிசிக்கு! உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் வீட்டில் பக்கத்து வீட்டுப் பூனைக்குக்கூட இடது கையால் சோறு வைக்க விடமாட்டார்கள். கொன்வென்றில் பரிசளிப்பு விழாவுக்கு ஒரு கிழமை ஒத்திகை நடக்கும். பெரியவர்களிடம் ஒன்றைக் கொடுத்தாலும் வாங்கினாலும் வலது கை முன்னுக்கு, இடது கை வலது முழங்கையைத் தொட்டபடி, தலை கொஞ்சம் குனிந்தபடி. அது எனக்குள் எலும்பாகவே வளர்ந்துவிட்டது. டொத்தொரெஸ்ஸா கையை நீட்டியதும் நான் குழாயைக் கீழே வைப்பேன். கருவியை வலது கைக்கு மாற்றுவேன். இடது கையால் முழங்கையைத் தொடுவேன். குனிந்து, பவ்வியமாகக் கொடுப்பேன். அதற்கிடையில் நோயாளியின் வாய் நிரம்பிவிடும். பலெர்மோவில் குழாயில் தண்ணீர் வராத நாட்களிலும் எங்கள் நோயாளிகளின் வாயில் தண்ணீருக்குக் குறைவில்லை.

டொத்தொரெஸ்ஸா பொறுத்துப் பார்த்தார். பிறகு கூப்பிட்டுச் சொன்னார்: "ஓகஸ்டிலை கிளினிக் பூட்டுறம். அதுக்கிடையிலை உன்ரை இடது கை வரவேணும். வராட்டி செத்தெம்பரிலை நான் வேறை ஆள்தான் பாக்கவேணும், அனிதா. நீ படி கழுவத் திரும்பிப் போறதை நானும் விரும்பேல்லை."

படி என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. விடியப்புறம் செலின் எழும்ப முன்னம் போய், பின்னேரம் அலுவலகங்கள் பூட்டிய பிறகு இன்னொரு கட்டடத்துக்குப் போய், அவள் நித்திரையான பிறகு வருவது. கதிரைப் பக்கத்து வேலை என்றால் அவள் பாலர் பள்ளி விட்டு வரும் நேரத்துக்கு நானும் வீட்டில் நிற்கலாம். போன மாசி மாதம் செலின் திரேசா அக்காவை "மம்மா" என்று கூப்பிட்டுவிட்டு, பிறகு தானே திருத்திக்கொண்டாள். கூப்பிட்டதை விட அவள் திருத்தியதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இதை எல்லாம் நினைத்து மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு அடுத்த நாள் போனேன். டொத்தொரெஸ்ஸா கையை நீட்டினார். குறடை எடுத்தேன். வலது கை, இடது கை முழங்கையில், தலை குனிவு. எல்லாம் தானாகவே நடந்து முடிந்தது.

அவர் குறடைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அனிதா, இது பல்லுப் பிடுங்கிற குறடு. கலியாணப் பரிசில்லை."

பிடே உள்ள நாடு

வாசலில் இருந்து ஆக்களைப் பதிகிற பினாவுக்கு ஒன்றும் தெரியாமல் இருக்கக்கூடாது. போர்கோ வெக்கியோவில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் தெருவில் யார் வீட்டில் என்ன கறி என்று என்னை விட அவளுக்குத்தான் தெரியும். என்னைக் கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் மறித்து வைத்து, செல்லமாக ஜோயா என்று கூப்பிட்டு, "உன்ரை இடது கைக்கு என்ன நடந்தது, ஜோயா? முறிஞ்சதா? நேர்த்திக்கடனா? சொல்லு, நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்றாள். ஒருத்தருக்கும் சொல்லமாட்டேன் என்று பினா சொன்னால், கேட்பவர்கள் நகரசபைக்கு அறிவித்தது மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டும்.

எப்படிச் சொல்வது? மரியாதை என்றேன், பழக்கம் என்றேன், சாப்பிடுகிற கை என்றேன். அவள் புருவத்தை உயர்த்திக்கொண்டே நின்றாள். கடைசியில் வேறு வழி இல்லாமல் குரலைத் தாழ்த்தி, குளியலறைப் பக்கம் கண்ணைக் காட்டி, இடது கைக்கு எங்கள் ஊரில் என்ன உத்தியோகம் என்று சொன்னேன். முகம் சுளிப்பாள் என்று பயந்துகொண்டு நின்றேன். ஒவ்வொரு வீட்டிலும், கழுவுவதற்கென்றே பிடே என்று ஒரு தொட்டி வைத்திருக்கிற நாடு என்பதை மறந்துபோனேன்.

"ஓ, அதுவா!" என்று என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். "கழுவுறது எங்களுக்கும் தெரியும், ஜோயா. ஆனா அதுக்காக நாங்கள் கையோடை கோவிக்கிறேல்லை."

ஆ காட்டு

இது இடது கையோடு சேர்ந்ததில்லை. வாயோடு சேர்ந்தது. ஆனால் சொல்லாமல் விட மனமில்லை.

ஒரு அப்புக்காத்து வருவார். விலை கூடின சப்பாத்து, யாரையும் பார்த்துச் சிரிக்காத முகம். அன்றைக்கு விடிய செலின் சாப்பிடமாட்டேன் என்று அடம்பிடித்து, அவளோடு மல்லுக்கட்டிவிட்டு ஓடி வந்திருக்கிறேன். அவர் வாயைப் பாதிதான் திறந்தார். நான் நினைவில்லாமல், நல்ல தமிழில், "எங்கை, ஆ காட்டுங்கோ பாப்பம்... ஆ... கெட்டிக்காரன்!" என்றுவிட்டேன். அவர் திறந்தார். கடைவாய் வரைக்கும் தெரிந்தது. அத்தோடு விட்டேனா? முடிந்ததும் கழுத்துத் துணியின் நுனியால் வாயைச் சுற்றித் துடைத்து, நாடியைப் பிடித்து முகத்தைத் திருப்பிப் பார்த்து, கன்னத்தையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டேன். தட்டிய பிறகுதான் யாருடைய கன்னம் என்று உறைத்தது.

அப்புக்காத்து எழும்பி, கழுத்துப்பட்டியைச் சரி செய்து, வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார். "எனக்கு ஐம்பத்தெட்டு வயது, சிஞ்ஞோரா. அடுத்த முறையும் நீங்கள்தான் துடைச்சு விடவேணும்."

கோபமெண்டால் வாயாலை சொல்லு

கை பழகவேண்டும் என்றால் வீட்டில்தான் பழகவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தீர்மானம் எடுத்தேன்: இன்றைக்கு எல்லாம் இடது கை. வலது கையில் கரண்டியைக் குழாயாகப் பிடித்துக்கொண்டேன். தேத்தண்ணிக் கோப்பையை இடது கையில் எடுத்து, ரூபனைப் பாராமல், டக்கென்று நீட்டினேன்.

ரூபன் கோப்பையைப் பார்த்தார். வாங்கவில்லை. செலின் கதிரையில் ஏறி நின்றுகொண்டு, "மம்மா, நோ! அது ஊத்தைக் கை!" என்று கத்தினாள். அந்தப் பாடத்தை அவளுக்குப் படிப்பித்தது நான்தானே. பிஸ்கற் எடுத்தாலும், பாட்டுக்கு ஆடினாலும், பாலர் பள்ளிச் சிநேகிதிக்குக் கை காட்டினாலும் "வலக்கை, வலக்கை" என்று பின்னால் திரிந்தவள் நான். இந்தப் பிள்ளையிடம் எங்களுடையது என்று மிச்சம் இருப்பது இதாவது இருக்கட்டும் என்ற பயம். இப்போது வாயால் ஒன்றைப் படிப்பித்துவிட்டுக் கையால் வேறொன்றைக் காட்டுகிறேன்.

"இது வேலைக்கு, செல்லம். மம்மா வேலைக்குப் பழகிறன்" என்றேன். அவள் நம்பவில்லை. ரூபன் கோப்பையை மேசையில் வைக்கச் சொல்லி, மேசையில் இருந்து எடுத்துக் குடித்தார். ஒரு மிடறு போன பிறகு, மெதுவாகக் கேட்டார்: "என்னோடை கோவமெண்டால் வாயாலை சொல்லன் அனிதா. ஏன் கையாலை சொல்லுறாய்?"

அண்ணையின் குடை

யூலை மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தது. பத்துத் தரம் நீட்டினால் ஏழு தரம் இடது கை போகும். டொத்தொரெஸ்ஸா வாயைத் திறந்து பாராட்டமாட்டார்; திட்டாமல் விட்டார். அதுவே பெரிது. அந்த நேரம் பார்த்துத்தான் செல்லத்துரை அண்ணை வந்து சேர்ந்தார்.

செல்லத்துரை அண்ணை எங்கள் ஆள், சைவ சமயம், ஒரு கிழவி வீட்டில் முப்பது வருடமாகச் சமையல் வேலை. உள்ளே வந்ததும் வெயிலுக்குப் பிடித்த குடையை என்னிடம் நீட்டி, "பிள்ளை, உந்தக் குடையை ஒருக்கால் வைச்சிட்டு டொக்டரின்ரை நேர்சை வரச் சொல்லும்" என்றார். நான்தான் அண்ணை என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீரோ? படி கழுவின பிள்ளையெல்லே நீர்? அப்ப பல்லும் கழுவுவீர்தானே, நல்லது" என்று ஏறிப் படுத்துவிட்டார்.

அவருக்குப் பக்கத்தில் இருந்ததும் என் இடது கை மடியில் ஒளித்துக்கொண்டது. இத்தாலிக்காரருக்கு முன்னால் வந்த துணிவு ஊர்க் கண் ஒன்றைக் கண்டதும் போய்விட்டது. டொத்தொரெஸ்ஸா நீட்டினார், வலது கை போனது, முழங்கையைத் தொட்டுக்கொண்டு. திரும்ப நீட்டினார், திரும்பவும் அப்படியே. ஊசியை வைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்த பார்வையில் செத்தெம்பர் மாதம் முழுவதும் தெரிந்தது. "உன்ரை ஆக்களுக்கு முன்னாலை மட்டும் எனக்கு மரியாதை கூடுதே?" என்று பல்லுக்குள்ளே கேட்டார். நான் தமிழில் அண்ணையிடம், "குறை நினைக்காதேங்கோ அண்ணை, இஞ்சை இடது கையாலைதான் குடுக்கவேணுமாம்" என்று மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்.

வாய் நிறையப் பஞ்சு, மேலே ஊசி. செல்லத்துரை அண்ணை கண்ணை உருட்டிக்கொண்டு எப்படியோ சொல்லி முடித்தார்: "தங்கச்சி, நீர் காலாலை எண்டாலும் குடும். இந்த மனிசி அந்த ஊசியை என்ரை மூஞ்சிக்கு மேலை பிடிச்சுக்கொண்டு நிக்கிறா!"

பிணை வைத்த கை

ஓகஸ்ட் பூட்டுக்கு முந்தின கிழமை. டொத்தொரெஸ்ஸா இரண்டு பெட்டைகளை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார் என்று பினா ஒருத்தருக்கும் சொல்லாமல் எனக்குச் சொன்னாள். அன்றைக்குக் காலை திரேசா அக்காவிடம் செலினை விடும்போது, "நான் திருப்பித் தந்த வாளி இன்னும் இருக்கோ அக்கா?" என்று கேட்டுவைத்தேன்.

அன்றைய கடைசி ஆள் மீன்காரச் சால்வோ. இந்த முறை கீழ்க் கடைவாய்ப்பல். வேர் வளைந்தது, லேசில் வராது. விறைப்பு ஊசி போட்டாயிற்று. நான் குழாயை வாய்க்குள் வைத்தேன். டொத்தொரெஸ்ஸா பல்லை அசைத்துப் பார்த்ததுதான் தாமதம், சால்வோ இரண்டு கையாலும் எட்டி என் வலது கையைக் குழாயோடு பிடித்துவிட்டார். வாள்மீனைப் பிடிக்கிற கை. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. குழாய் விழுந்தது. டொத்தொரெஸ்ஸா ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு, குழாயைத் தானே எடுத்து இடது கையில் பிடித்துக்கொண்டார். வலது கையை என் பக்கம் நீட்டினார்.

எனக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு கைதான்.

பிறகு நடந்ததை நான் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை, சால்வோவின் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தேன். "பாருங்கோ, நானும் பயப்பிடுறன், பாருங்கோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நெம்புகோல், குறடு, பஞ்சு, திரும்பக் குறடு. டொத்தொரெஸ்ஸாவின் கை வெறுமையாக நின்றதாக ஞாபகம் இல்லை. பல் தட்டில் விழுந்த சத்தம் கேட்டது. தையலும் முடிந்தது. நான் நிமிர்ந்தபோது டொத்தொரெஸ்ஸா தன் கையையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சால்வோவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் வலது கையை அப்போதும் விடவில்லை. டொத்தொரெஸ்ஸா கதை முழுவதையும் அவருக்குச் சொன்னார்: இந்தப் பெட்டைக்கு நாலு மாதமாக இடது கை வராமல் இருந்தது, வலது கையை நீ பிணை பிடித்ததால் இன்றைக்கு வந்துவிட்டது என்று.

சால்வோ விறைத்த வாயால், சந்தையில் கூவுகிற அதே குரலில் சொன்னார்: "எனக்கு ஒரு பல்லுப் போச்சு, இவளுக்கு ஒரு கை வந்திட்டுது. நல்ல வியாபாரம், டொத்தொரெஸ்ஸா!"

கருவி இல்லை

கிளினிக் பூட்டுகிற நாள் எல்லாவற்றையும் கழுவி, கொதிக்க வைத்து, அடுக்கி முடித்தேன். வேலை இருக்கிறதா இல்லையா என்று ஒருவரும் சொல்லவில்லை. நேர்முகத்துக்கு அந்தப் பெட்டைகள் வந்தார்களா என்று பினாவிடம் கேட்கவும் பயம். கைப்பையை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டேன்.

"அனிதா." டொத்தொரெஸ்ஸா உள்ளே இருந்து வந்தார். கையில் மடித்த ஒரு நீல மேற்சட்டை. நான் அதுவரை போட்டது வடக்கே போன பெட்டையின் பழைய சட்டை, தோள் தொங்கும். இது புதிது, என் அளவு, நெஞ்சில் என் பெயர் தைத்திருந்தது. அவர் என் முன்னால் வந்து நின்றார். சட்டையை வலது கையில் வைத்தார். இடது கையைக் கொண்டுபோய், கொஞ்சம் யோசித்து, வலது முழங்கையில் தொட்டார். தலையையும் ஒருக்கால் குனிந்தார். எங்கள் சிஸ்டர் பார்த்திருந்தால் முழுப் புள்ளியும் போட்டிருப்பா.

நானும் வலது கையை நீட்டி, முழங்கையைத் தொட்டுத்தான் வாங்கினேன். அழக்கூடாது என்று முப்பத்திரண்டையும் மனத்துக்குள் ஒரு சுற்றுச் சொன்னேன். பாதி வழியில் விட்டுவிட்டேன்.

"செத்தெம்பரிலை நேரத்துக்கு வா" என்றார். பிறகு, "இது கருவியில்லை, அனிதா. இது பரிசு."

மலையில்

செத்தெம்பரில் எங்கள் ஆக்கள் எல்லோரும் பலெர்மோவின் காவல் புனிதை ரொசாலியா அம்மாளிடம் மலை ஏறுவார்கள். கிறிஸ்தவ வேதம், சைவம் என்று பார்ப்பதில்லை. அம்மாளும் பார்ப்பதில்லைப் போலும். இந்த முறை எனக்கு நேர்த்திக்கடன் இருந்தது. வெறுங்காலோடு ஏறினேன். செலின் பாதித் தூரம் தானே நடந்தாள். வளைவுக்கு வளைவு என் கையைப் பிடித்து இழுத்து, பாலர் பள்ளியில் நடந்ததை எல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். பள்ளி விட்டால் இப்போது வாசலில் நிற்பது நான் என்பதால், அந்தக் கதைகளில் முக்கால்வாசி எனக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாத மாதிரிக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

பூசை முடிந்து மர நிழலில் எல்லோரும் இருந்தோம். நான் சுடுதண்ணிப் போத்தலை வலது கையில் பிடித்துத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே, பக்கத்தில் இருந்த பெட்டியில் இருந்து ரோல்ஸ் எடுத்துக் கொடுத்துக்கொண்டு வந்தேன். முதலில் கையை நீட்டியவர் செல்லத்துரை அண்ணை. புதுப் பல்லோடு வாங்கிக் கடித்தார். அடுத்தது திரேசா அக்கா. அவ முழங்கால் நோவோடு பஸ்ஸில் ஏறி வந்து, எனக்காக மெழுகுதிரியும் கொளுத்திவிட்டு இருந்தா. அவ கையை நீட்டினா. நான் திரும்பிப் பாராமல், டக்கென்று, உள்ளங்கையின் நடுவில் சரியாக ரோல்ஸை வைத்தேன்.

திரும்பிப் பார்த்தேன். திரேசா அக்கா ரோல்ஸை வாயில் வைக்கவுமில்லை, கீழே போடவுமில்லை. "எடி அனிதா! என்னடி இது? அம்மாளின்ரை மலையிலை வைச்சு, உந்தக் கையாலையோ எனக்குச் சாப்பாடு தாறாய்?" அப்போதுதான் பார்த்தேன். வலது கையில் குழாய் மாதிரிப் போத்தல். இடது கை தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டு இருக்கிறது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறக்க முன்னம் செலின் இடையில் பாய்ந்தாள். "நோ, அன்ரி! அது ஊத்தைக் கை இல்லை. அது மம்மாவின்ரை வேலைக் கை!"

திரேசா அக்கா அவளைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, ரோல்ஸை ஒரு கடி கடித்தா. "அப்பிடியெண்டால், வேலை முடிய அதைக் கழட்டி அங்கையே வைச்சிட்டு வரச் சொல்லு உன்ரை அம்மாவை."

ஆகவே, என்னைப் போலப் பயந்துகொண்டே மேலே ஏறுகிற உங்கள் எல்லோருக்கும் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: கடவுள் இரண்டு கை தந்தது ஒன்றை வேலைக்கும் ஒன்றை வீட்டுக்கும் வைத்துக்கொள்ளத்தான், ஆனால் எந்த நேரத்தில் எது எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ள ஒரு மூன்றரை வயதுப் பிள்ளையையும் கூடவே கூட்டிக்கொண்டு திரியவேண்டும்.